பயிற்சி வகுப்பில் காணாமல் போன மணி

திவ்யா: கண்ண மூடிக்கங்க சார். அவரு பாத்தா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவாரு.

பெனடிக்ட்: மூடித்தான் இருக்கேன். நீ எதுக்கும்மா திறந்து வச்சிருக்க?

திவ்யா: மூடியிருக்கவருக்கு அது எப்பிடித் தெரிஞ்சுச்சு?

பாண்டிராஜ்: பின்னால பேச்சு வேணாம்! ஆசிரியர்களே, மறுபடி சொல்றேன். மேசையில இருந்த என் கைமணிய எடுத்தவங்க, நான் நூறு எண்ணுறதுக்குள்ள வந்து வச்சிருங்க. நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டேன். யாருன்னு கேக்க மாட்டேன். ஆனா மணி வராம யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒண்ணு... ரெண்டு...

பெனடிக்ட்: பிள்ளைகள எப்பிடி அடக்குறதுன்னு நமக்குப் பாடம் நடத்த வந்துட்டான். ஒரு மணியப் பத்திரமா வச்சுக்கத் தெரியல.

திவ்யா: சார்... எனக்கு அஞ்சு மணிக்கு எழுமலை பஸ். விட்டா எம் மக டியூசன் வாசல்ல அழுதுக்கிட்டு நிப்பா.

பெனடிக்ட்: அத எதுக்கு எங்கிட்டச் சொல்ற?

திவ்யா: சும்மாத்தான்... ஆமா, சாப்பாட்டுப் பைய ஏன் மடியிலயே வச்சிருக்கீங்க?

பெனடிக்ட்: எம் பை, எம் மடி.

திவ்யா: காலி டிபன் டப்பாவுக்கு அம்புட்டு வீக்கமா?

பெனடிக்ட்: ஷ்... மெல்லப் பேசும்மா!

திவ்யா: திட்ட மாட்டேன் சார். தனியாத்தான் கேக்குறேன். நீங்களே கொண்டுபோய் வைக்கிறீங்களா, நானும் கூட வரவா? ரெண்டுல எதுன்னாலும் சரி.

பெனடிக்ட்: அடிப்பாவி! காலையில அவன் சொல்லிக் குடுத்த வித்தைய எங்கிட்டயே காட்டுறியா? நான் உன் ஹெட்மாஸ்டரு!

திவ்யா: மெதுவா சார். உண்மையச் சொன்னா பாராட்டணும்னும் சொல்லிக் குடுத்தாரு.

பெனடிக்ட்: பின்ன என்னம்மா... வடை வேணுமான்னு உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டேன். அதுக்கு மணிய ஆட்டி, "ஐயா, எந்திரிச்சு நில்லுங்க"ன்னுட்டான். எம் மகன் வயசுப் பய! அம்புட்டு டீச்சரும் சிரிச்சாங்க. அசிங்கமாப் போச்சு.

திவ்யா: நம்ம பள்ளிக்கூடத்துல நீங்க தெனமும் செய்யிறதுதான?

பெனடிக்ட்: அது... பிள்ளைக வேற.

திவ்யா: எனக்கும்தான் மணியடிச்சாரு. மக சாப்பிட்டாளான்னு போன்ல கேட்டதுக்கு.

பெனடிக்ட்: நீ தங்கமான பொண்ணு, பொறுத்துக்கிட்ட. என்னால முடியல.

திவ்யா: சரி, போய் வச்சிட்டு வாங்க.

பெனடிக்ட்: அவன் பாப்பானே! "கண்ண மூடுங்க, கேக்க மாட்டேன்"னு நானும் வகுப்புல சொல்லுவேன். சொல்லிட்டு, திரும்பி நின்னு கடியாரக் கண்ணாடியில பாப்பேன். எத்தன பயலுகளப் புடிச்சிருக்கேன்! மாட்டுனா நாளைக்கு ஒண்ணாங்கிளாஸ் பய கூட என்னப் பாத்துச் சிரிப்பான். பயமா இருக்கும்மா.

திவ்யா: இங்க கடியாரம் இல்ல சார். செருப்பக் கழட்டிட்டுப் போங்க.

பெனடிக்ட்: ...போறேன்.

பாண்டிராஜ்: எம்பத்தி மூணு... எம்பத்தி நாலு...

திவ்யா: வந்துட்டீங்களா? உக்காருங்க. மூச்ச விடுங்க.

பெனடிக்ட்: வச்சாச்சு! எடுக்கும்போதும் சரி, வைக்கும்போதும் சரி, கிணிங்னு ஒரு சத்தம் வரல பாரு. எல்லாம் ஆண்டவர் கிருபை!

பாண்டிராஜ்: நூறு! கண்ணத் திறங்க. ஆகா, வந்துருச்சு! அந்த நேர்மைக்கு ஒரு கைதட்டு. சரி, மணியடிச்சு முடிச்சுக்குவோம்... என்னது, சத்தமே வரல? உள்ள இருந்த நாக்கக் காணோம்! எல்லாரும் மறுபடி கண்ண மூடுங்க!

பெனடிக்ட்: ஏம்மா... சத்தியமா மணியோட நாக்க நான் எடுக்கலம்மா!

திவ்யா: தெரியும் சார். கண்ண மூடிக்கங்க... நான் போயிட்டு வாரேன்.