டாக்டர் கை வைக்காத முதுகு

என் பெயர் மார்லிஸ் ஹூக்ஸ்ட்ரா, வயது 48, கணவர் பெயர் வெர்லின் ஹூக்ஸ்ட்ரா. அயோவா மாநிலத்தில், ஊருக்கு மேற்கே உள்ள எங்கள் பண்ணை வீட்டில் வசித்து வருகிறேன். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். டாக்டர் நோலன் பிரௌவர் மீது என் கணவர் கொடுத்துள்ள புகார் தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானே ஷெரிஃப் அலுவலகத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

டாக்டர் பிரௌவர் எங்கள் ஊரின் கைரோபிராக்டர். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவர். எங்கள் சர்ச்சில் பாதிப் பேர் அவருடைய மேஜையில் குப்புறப் படுத்து எழுந்தவர்கள்தான். நான் படுத்ததில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

இந்த அக்டோபரில் சோயா அறுவடையின்போது என் கணவருக்கு இடுப்பில் நரம்பு அழுந்தி, வலி இடது காலில் இறங்கியது. சனிக்கிழமை காலை நான் அவரை டாக்டரிடம் காரில் அழைத்துச் சென்றேன். அறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார். அதன் பிறகு, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, சிறுநீர் கழிக்கச் சிரமமா என்று கேட்டார்.

"டிராக்டர் சீட்ல உக்காந்தா யாருக்குத்தான் மரக்காது?" என்று என் கணவர் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெர்லின், உன் முதுகுல இன்னைக்கு நான் கை வைக்கமாட்டேன். இங்கிருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. தாமதிச்சா கால் போயிடும்" என்றார்.

காரில் ஏறியதும் என் கணவர், மழைக்கு முன் மேற்கு வயலை முடித்துவிட்டுப் போகலாம் என்றார். ஒரு கைரோபிராக்டர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியை வயலுக்குத் திருப்பினேன்.

அங்கே அவருடைய தம்பி கால்வின் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "என்ன அண்ணே, உன் முதுகைப் பார்த்து டாக்டரே பயந்துட்டாரா?" என்றார்.

"பயந்துட்டார்டா. நீ தூக்கு."

வயலில் இடுப்பு பிடித்துக்கொண்டால், கூட இருப்பவர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கி உலுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். கால்வின் பலமுறை அண்ணனைத் தூக்கியிருக்கிறார். நான் வயலோரம் நின்ற டிரக்கின் அருகில், மதியச் சாப்பாட்டுக்கான ஹாம் பன் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கால்வின் தூக்கி உலுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விட்டதும் என் கணவரால் நிற்க முடியவில்லை. அறுத்த தட்டைகளின் மேல் உட்கார்ந்தார். "டேய், காலை விடுடா" என்றார். கால்வின் அவர் காலைத் தொட்டிருக்கவில்லை.

அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. கால்களில் உணர்வு திரும்பவில்லை. டாக்டர் அழுத்தியதால் வந்தது என்று என் கணவர் நர்ஸிடம் சொன்னார். அதன் பிறகு சர்ச்சில் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். டாக்டரின் கிளினிக் முன்பு இப்போது கார்கள் நிற்பதில்லை.

நேற்று மருத்துவமனையில், நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்று என் கணவர் கேட்டார். "கால்வின் தாங்கமாட்டான், மார்லிஸ். டாக்டர் தாங்கிக்குவார்" என்றார். கால்வின் அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று அண்ணனுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே காலில் மாட்டியிருந்தார். என் கணவருக்கு அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

டாக்டர் பிரௌவர் என் கணவரின் முதுகில் கை வைக்கவில்லை. வயலுக்கு வண்டி ஓட்டியது நான். நான் இங்கே வந்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்று மாலை மருத்துவமனையில் என் கணவரிடம் நானே சொல்வேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. இதில் மாற்ற ஒரு சொல்லும் இல்லை.

(ஒப்பம்)
மார்லிஸ் ஹூக்ஸ்ட்ரா