கொழுப்பு டின்னின் அடியில்

கை கழுவாமல் பொருட்களைத் தொடுகிறவர்களை எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது. நீங்கள் இந்த அறைக்குள் வந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அதைக் கவனித்தேன். உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுவது எனக்குச் சிரமமாக இருக்காது.

என் பெயர் வெலிசார். முப்பத்தொரு வருடமாக இந்தக் கிராமத்துக் கால்நடை மருத்துவன். இந்தப் பனாத் சமவெளியில் நவம்பர் பிறந்துவிட்டால் மாட்டை யாரும் நினைப்பதில்லை, எல்லாம் பன்றிதான். வீட்டுக்கு வீடு அறுப்பார்கள். அறுத்த கையோடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எனக்கு அனுப்புவார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே அதை நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் புழு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் 'சுத்தம்' என்று சொல்லும்வரை எந்த வீட்டிலும் ஒரு துணுக்கு இறைச்சியை நாக்கில் வைக்க மாட்டார்கள். பாதிரியார் சொல்வதில்கூட நொட்டை சொல்கிற ஊர் இது. என் சொல்லுக்கு மட்டும் மறுசொல் கிடையாது.

எனக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை. சிறிய பிஸ்டல்கள் சேர்ப்பேன், அவ்வளவுதான். முறைப்படி உரிமம் உண்டு. நாற்பத்தொன்று இருக்கின்றன. வெள்ளைக் கையுறை போடாமல் எதையும் தொட்டதில்லை, எதையும் சுட்டதுமில்லை. ஒவ்வொன்றின் கீழும் எங்கே கிடைத்தது, என்று கிடைத்தது என்று சீட்டு எழுதி ஒட்டியிருப்பேன். நாற்பத்திரண்டாவதாக வரவேண்டியதை இருபத்திரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். போருக்கு முன்னால் ரயில் காவலர்களுக்காகச் செய்தது. நூற்றெண்பதே செய்தார்கள். கோட்டின் உள்பைக்குள் அடங்கிவிடும். கைப்பிடியின் அடியில், வேறெதிலும் இல்லாதபடி, இடப்பக்கமாகத் திறக்கும் கொக்கி. புடாபெஸ்ட் சந்தைவரை போய்ப் பார்த்துவிட்டேன். கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த எலும்புக்கூடு.

அது என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், கொழுப்பு டின்னுக்குள் இருந்தது.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி ஸ்பாசோயே வீட்டில் பன்றி அறுத்தார்கள். அவன் என்னைவிட நான்கு வயது மூத்தவன், நல்ல உழைப்பாளி. அவன் கொடுத்தனுப்பிய துண்டைக் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடியில் வைத்தேன். ஐந்தாவது பார்வையிலேயே தெரிந்தது. தசைக்குள் சுருண்டு கிடந்தது. ஒன்றல்ல, பார்த்த இடத்திலெல்லாம். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு அடர்த்தியாக நான் பார்த்ததில்லை. கண்ணாடியைப் பத்திரப்படுத்திவிட்டு, பன்றி முழுவதையும் எரிக்கச் சொல்லத்தான் அவன் வீட்டுக்கு நடந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத்தான் போனேன்.

முற்றத்தில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நாற்றமே ஆகாது. மயிர் பொசுங்கிய வாடை, குடல் கழுவிய தண்ணீர், காலையிலேயே பிளம் சாராயம் ஏறிய வாய்கள். அறுப்பதற்குக் கூலிக்கு வந்த மிலாதின் ரத்தக் கையோடு என் தோளைத் தட்டினான்.

"என்ன டாக்டரே, மூஞ்சி செத்த பன்னி மாதிரி இருக்கு. ஒரு கிளாஸ் ஊத்தட்டுமா?"

"அவரு குடிக்க மாட்டாரு. கிளாஸுல கிருமி இருக்குமாம்" என்றான் ஸ்பாசோயே. எல்லோரும் சிரித்தார்கள். நான் கைக்குட்டையால் தோளைத் துடைத்துக்கொண்டேன்.

அவன் மனைவி தெசாங்கா, புதுக் கொழுப்பு ஊற்றுவதற்காகப் பழைய டின்னை வழித்துக்கொண்டிருந்தாள். அடி தட்டியதும் நிறுத்தி, புருஷனைக் கூப்பிட்டாள்.

"இந்தாய்யா, உன் பொணம் தட்டுது. நீயே எடு. நான் தொட மாட்டேன்."

அவன் முழங்கைவரை உள்ளே விட்டு எண்ணெய்த்துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். "டாக்டருக்கு இதெல்லாம் புரியும்" என்று பிரித்து, அந்தப் பிசுபிசுத்த கையாலேயே என் முன் நீட்டினான். இடப்பக்கம் கொக்கி. ஒரு துளி துரு இல்லை. கொழுப்பு அதை எழுபது வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்தது. கரும்புள்ளி விழுந்த கட்டைவிரலை அதன் உடம்பில் அழுத்தி வைத்திருந்தான். குரங்கு கையில் பூமாலை என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த டின்னிலிருந்து வழித்துத்தான் தினமும் ரொட்டியில் தடவித் தின்றிருக்கிறார்கள், இரண்டு பேரும், இத்தனை வருடமாக.

"எனக்குக் குடு. என் உரிமத்துல சேர்த்துக்கறேன். என்ன வேணும்னாலும் கேளு" என்றேன்.

"இது விக்கிற சாமான் இல்ல டாக்டரே. எங்க பெரியப்பன் ஒரு வரப்புக்காகக் கூடப்பொறந்தவனையே இதால சுட்டான். எங்கப்பன் தூக்கிப்போட பயந்து உள்ள ஒளிச்சு வெச்சாரு. நானும் பயந்துக்கிட்டே வெச்சிருந்தேன். இப்பத்தான் கவர்மென்ட்டு சொல்லிருச்சே, வருசம் முடியறதுக்குள்ள கொண்டாந்து குடுத்தா கேள்வி கேக்க மாட்டோம்னு. குலசாமி நாள் கழியட்டும், மக்யா நாளே போயி குடுத்துருவேன். மெஷின்ல வெட்டிருவாங்களாம். நின்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

"தீட்டு ஒழிஞ்சா சரி" என்றாள் தெசாங்கா.

அவர்கள் வீட்டுப் புனிதர் நிக்கோலா. அவர் நாள் டிசம்பர் பத்தொன்பது. ஸ்பாசோயே பொட்டலத்தை மறுபடி சுற்றி டின்னின் அடியில் வைத்தான். அவள் அதன்மேல் புதுக் கொழுப்பை ஊற்றினாள். பிறகு அவன் சாசேஜுக்குப் பிசைந்து வைத்திருந்த இறைச்சியைக் காட்டிக் கேட்டான்:

"அது கெடக்கட்டும். நம்ம பன்னி என்ன சொல்லுது? வாயில வெக்கலாமா?"

கொப்பரையைச் சுற்றி நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கணக்கு ஓடியது. பயப்படாதீர்கள், அது மருத்துவக் கணக்கு. முதல் வாரம் வயிறு. இரண்டாம் வாரம் காய்ச்சல், கண்ணிமை வீங்கும். மூன்றாம் வாரம் ஆள் எழுந்து நடமாட முடியாது. நவம்பர் இருபத்தைந்தோடு இருபத்துநான்கு நாளைக் கூட்டினால் குலசாமி நாள்.

"சுத்தம்" என்றேன்.

அவர்களே என்னை வற்புறுத்திக் கேட்டார்கள் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. நான் யாருக்கும் ஊட்டிவிடவில்லை. மிலாதின் பிசைந்த இறைச்சியை விரலால் வழித்து, உப்புப் போதுமா என்று பச்சையாகவே சுவைத்தான். அதே விரலை மறுபடி பாத்திரத்தில் விட்டான். நான் அங்கேதான் நின்றேன், பார்க்கச் சகிக்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல அக்கம்பக்கத்துக்கெல்லாம் தட்டில் துணி மூடிப் போயிற்று. எனக்கும் ஒன்று வந்தது. அடுப்பில் போட்டு எரித்தேன், தட்டைச் சோடா போட்டுக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். என் வீட்டுக்கு எதிரே தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற யகோதாவுக்கும் ஒன்று போனது. தட்டு ஏந்தியவளை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தடுத்திருக்கலாம். ஆனால் ஒருவரிடம் சொன்னால் எல்லோருக்கும் சொன்னதாகிவிடும்.

பதினான்கு பேர் படுத்தார்கள். முதலில் அது ஊரெங்கும் பரவுகிற காய்ச்சல் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். குலசாமி நாளுக்கு நான்கு நாள் முன்னால், ஸ்பாசோயேயை நகரத்து மருத்துவமனைக்கு ஏற்றும்போது தெசாங்காவையும் சேர்த்தே ஏற்றினார்கள். வண்டிக்குள்ளிருந்து வீங்கிய கையை நீட்டி என்னிடம் சாவியைக் கொடுத்தாள்.

"கோழிக்குத் தண்ணி காட்டிரு தம்பி. உன்ன விட்டா யாரு இருக்கா எங்களுக்கு?"

காட்டினேன். ஒரு நாளும் தவறவில்லை. மூன்றாம் நாள் மதியம் சமையலறைக்குள் போய், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த டின்னுக்குள் தோள்வரை கையை விட்டேன். கொழுப்பில் புழு இருக்காது, தசையில்தான் இருக்கும். படித்த எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த வழவழப்பை உங்களால் கற்பனை செய்ய முடியாது. விரல்நகத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. நான்கு முறை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்தேன். பிறகு கையுறை போட்டு, அதைத் துடைத்து, நாற்பத்திரண்டாம் இடத்தில் வைத்தேன்.

ஸ்பாசோயே இருபத்தொன்றாம் தேதி இறந்தான். இதயத்தில் ஏறிவிட்டது. யகோதா கிறிஸ்துமஸுக்கு முன்தினம். அவளுக்கு இருபத்தாறு வயது. அடக்கத்துக்கு இரண்டு வீட்டுக்கும் போனேன். மற்றவர்களைப் போல சவத்தை முத்தமிடவில்லை. அந்தப் பழக்கம் சுகாதாரமானதல்ல.

நீங்கள் என் அலமாரியில் எடுத்த அந்தக் கண்ணாடி பற்றிக் கேட்டீர்கள். ஆம், அதிலிருக்கும் எழுத்து என்னுடையதுதான். தேதி, ஸ்பாசோயே வீடு, 'புழு உண்டு, மிக அடர்த்தி'. ஏன் அழித்துவிடவில்லை என்று உங்கள் உதவியாளர் சிரித்தார். இவ்வளவு சுத்தமான மாதிரி ஒரு ஆயுளில் ஒரு தடவைதான் கிடைக்கும். அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. நாற்பதாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு தெசாங்கா என்னை இருக்கச் சொன்னாள். கம்பை ஊன்றிச் சமையலறைக்குப் போய், அந்த டின்னைத் தரையில் இறக்கி வைத்து, கையை விட்டுத் துழாவினாள். வெகுநேரம் துழாவினாள். கொழுப்பை அள்ளி அள்ளித் தரையில் போட்டாள். என்ன தேடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"கண்ண மூடறதுக்கு மொத நாள் ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொன்னாரு தம்பி. போலீஸுல குடுத்து வெட்டிப்போட வேணாம், டாக்டருக்கே குடுத்துரு. முப்பது வருசமா நம்ம வயித்தைக் காபந்து பண்ணுன மனுசன், அவங்கிட்ட இருந்தா அது யாருக்கும் கெடுதல் செய்யாதுன்னாரு. எந்தப் பாவியோ எடுத்துட்டுப் போயிட்டானே. அவரு கேட்ட ஒரே ஒரு காரியம், அதைக்கூட என்னால செய்ய முடியலையே."

தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்று, பரவாயில்லை அக்கா, போனால் போகட்டும் என்று ஆறுதல் சொன்னேன்.

மீதி எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு சாவு, பன்னிரண்டு பேருக்கு உண்டான நோய், பொய்ச்சான்று, எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றாம் பக்கத்தில் 'திருட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், அம்மா. அவன் அதை எனக்குத்தான் கொடுத்திருக்கிறான்.