துரை அளந்த கடுகு

நான் சொல்லப்போறதிலே ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்த நாக்கு இப்பவே சுருண்டு தொண்டைக்குள்ளே போகட்டும்! பார்த்தீரா, போகலை. அப்போ அத்தனையும் சத்தியம்தானே? கேளும் வேய்.

கும்பினிக்காரன் காலம். ரயில் வராத காலம். தாமிரபரணிக்குத் தெற்கே செங்கணாபுரத்தில் மந்திரமூர்த்தி என்று ஒரு தபால் ஓட்டக்காரர் இருந்தாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன். தோளில் தபால் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி. ஜல் ஜல் என்று அவர் ஓடினால் புலி எழுந்து வழிவிடுமாம். இங்கே ஏது புலி என்று கேட்காதீரும். அப்போ இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு செம்மண் மேடு. பறம்பு என்போம். ஆதிகாலத்து ஆட்களைப் பெரிய தாழிக்குள்ளே வைத்துப் புதைத்த இடம். அதை ஒட்டியே எங்க ஊர் இடுகாடு. அந்தப் பறம்பில் கூடாரம் போட்டு ஒரு வெள்ளைக்காரர் தோண்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு அவர் கண்ணாடித்துரை. தூத்துக்குடியில் இன்னொருத்தர், மீசைத்துரை. இந்த நாட்டு ஆட்களின் மண்டை எவ்வளவு கொள்ளும் என்று அளந்து புத்தகம் எழுதுகிறவர். ரெண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. ரெண்டு முகத்தையும் பார்த்தவர் மந்திரமூர்த்தி ஒருத்தர்தான்.

"மந்திரம், அவர் எப்படி இருப்பார்?" என்று கண்ணாடித்துரை கேட்பார்.

"உங்களை மாதிரியேதான் துரை. அழகு மட்டும் கொஞ்சம் குறைச்சல்."

தூத்துக்குடி போனால் இதையே அவரிடமும் சொல்வார். எங்க வம்சம் அப்படி!

அந்த ஆனியிலே மந்திரமூர்த்தியின் பெண்சாதி பூவுடையாள் பிரசவத்திலே போய்விட்டாள். அந்தப் பிள்ளையும் தங்கலை. மூத்த பிள்ளை ஒன்றுதான் மிச்சம். அப்படிப் போனவர்கள் வீடு தேடித் திரும்பி வருவார்களாம். அதனால் புதைத்துவிட்டு வரும் வழியெல்லாம் கடுகை இறைப்பார்கள். அத்தனை கடுகையும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்த பிறகுதான் போனவர்கள் அடுத்த அடி வைக்க முடியுமாம். எண்ணித் தீருமா? மந்திரமூர்த்தி தன் கையாலேயே இறைத்தார். இறைத்துக்கொண்டே அழுதாராம்.

நாற்பது நாள் ஆகலை. கண்ணாடித்துரை தாழிக்குள்ளிருந்து ஒரு மண்டையோட்டை எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மந்திரமூர்த்தி கொண்டுபோய்ச் சேர்த்தார். பதில் கடிதமும் கொண்டுவந்தார். கண்ணாடித்துரை அதை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"இது பழசாம். ஒத்துப் பார்க்கப் புதிய மண்டை ஒன்று வேண்டுமாம். பழசை அளந்து முடித்ததும் எழுதுவாராம், நான் உடனே அனுப்ப வேண்டுமாம். மந்திரம், அந்தப் புது மண்மேடு யாருடையது?"

"தெரியாது துரை."

"தெரியாதா? அங்கே நின்று நீ அழுததைப் பார்த்தேனே. பயப்படாதே. கழுத்துக்கு மேலே மட்டும்தான்."

மந்திரமூர்த்தி கையிலிருந்த ஈட்டியைப் பார்த்தாராம். துரையைக் குத்திவிடலாம். குத்தினால் அடுத்த துரை வருவான். கடிதத்தைக் கிழித்துப் போடலாம். ஆனால் பையில் விழுந்ததைச் சேர்த்தே தீருவேன் என்று சாமி முன்னே சத்தியம் செய்தவர். யோசித்துக்கொண்டே மறுபடி தூத்துக்குடிக்கு ஓடினார்.

அங்கே மீசைத்துரை மண்டையோட்டுக்குள் மணலைக் கொட்டி அளந்துகொண்டிருந்தார். மணல் விரிசல் வழியாக ஒழுகியது. மூன்று தரம் அளந்தார், மூன்றும் வேறு வேறு.

"துரை, மணல் ஒழுகத்தான் செய்யும். கடுகு போட்டுப் பாருங்க. உருண்டையாக, ஒண்ணு போல இருக்கும்" என்றாராம் மந்திரமூர்த்தி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"சபாஷ் மந்திரம்!"

துரை ஓர் உழக்குக் கொட்டினார். நிறையலை. ஒரு படி கொட்டினார். நிறையலை. ஒரு மூட்டை கொட்டினார் வேய், ஒரு மூட்டை! தரையில் ஒரு மணி சிந்தலை. உச்சிவெயில் நேரம். தெருவில் காக்காய்கூடக் கத்தலை. துரை குனிந்து காதை வைத்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"நானூத்தி ஆறு... நானூத்தி ஏழு... நானூத்தி எட்டு..."

"யார் பேசுவது?"

"காத்தாக இருக்கும் துரை. கொட்டுங்க. நிறையட்டும்."

அன்று முதல் கண்ணாடித்துரை 'அளந்தாயிற்றா?' என்று எழுதுவார். 'இன்னும் இல்லை' என்று பதில் வரும். ஆடி போய் ஆவணி வந்தது. தூத்துக்குடியில் தாளிக்கக் கடுகு கிடைக்கலையாம். புரட்டாசியில் வந்த கடிதத்தைப் பிரித்த கண்ணாடித்துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நலம் விசாரிக்கலை, கையெழுத்து இல்லை. தாள் முழுக்க எண். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக எண். அடுத்த கடிதத்தில், விட்ட எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து!

"போ மந்திரம். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வா" என்றார்.

போய்ப் பார்த்தால் அறையெல்லாம் காலிச் சாக்கு. மீசைத்துரை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. மந்திரமூர்த்தி மண்டையோட்டைத் தூக்கினார். அத்தனை மூட்டை கொட்டிய மண்டை, காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி லேசாக இருந்ததாம். அதை ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு அவர் நடந்தார். துரையும் எழுந்து பின்னாலேயே நடந்தார். முன்னே பெட்டிக்குள் ஒரு குரல், பின்னே ஒரு குரல், ஊர் வரைக்கும்.

பன்னிரண்டு வருஷத்துச் சிநேகிதர்கள் முதல்முதலாக நேரில் பார்த்தார்கள். கண்ணாடித்துரை கை நீட்டினார். மற்றவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. மண்டையோட்டை எடுத்த தாழியிலேயே வைத்து மூடினார்கள். மீசைத்துரை அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் பார்த்தால் அங்கே அவருடைய பூட்ஸ் மட்டும் கிடந்தது. கண்ணாடித்துரை அன்றே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனவர்தான். பூவுடையாள் மேல் ஒரு மண்வெட்டி படலை.

அதிலிருந்து அது கடுகுப் பறம்பு. வருஷா வருஷம் ஆடியிலே எங்க ஊரில் ஆளுக்கொரு பிடி கடுகு கொண்டுபோய் அதன் மேலே போடுவோம். அந்தப் பக்கம் போகும்போது ஆட்டைக்கூட வாய்விட்டு எண்ண மாட்டோம். நம்ம எண் காதில் விழுந்து அவர்கள் எண் தாவிவிட்டால்? எண்ணித் தீர்ந்தால் எழுந்து வருவார்களே!

போன ஆடியிலே நான் தரையில் காது வைத்துக் கேட்டேன். நல்ல தமிழில் ஒரு குரல். கூடவே "பன்ரென்டு, பதிமூனு" என்று எண்ணின் வால் மட்டும் கேட்கிற, நாக்குப் புரளாத ஒரு குரல். ரெண்டுக்கும் கீழே, மெல்ல, ஒரு பெண்குரலும் கேட்டது வேய்.

எந்த எண்ணில் நிற்கிறார்கள் என்று கேட்காதீரும், சொல்ல மாட்டேன். யார் சொன்னது என்று யாராவது கேட்டால், என் பேரை மட்டும் சொல்லிடாதீரும். அவர்கள் எண்ணுவதை ஒட்டுக் கேட்டவன் இவன்தான் என்று அங்கே தெரிய வேண்டாம்.