துளசியின் காடிக்கு ஒரு சார்ஜர்

துளசி: ஐயோ! யாரு இது, காலங்காத்தால வாசல்ல நின்னு இப்படி ஹார்ன் அடிக்கிறது? பக்கத்து வீட்டு ஷாஹிராவோட பிள்ளை எழுந்திரிச்சு அழப் போகுது.

பக்கிரிசாமி: கத்தாதம்மா. நான்தான் வரச் சொன்னேன். வயர்மேன் தம்பி.

துளசி: வயர்மேனா? எதுக்கு மாமா? ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது...

பக்கிரிசாமி: உன் கரண்டு காடிக்குச் சார்ஜர் வாங்கியாச்சு. அதான்.

துளசி: என்னது?

பக்கிரிசாமி: புவன் தம்பி, உள்ள வாப்பா. இவதான் என் மருமக துளசி. கடல் பாலம் தாண்டி, பிறைங்கிற ஊர்ல ஒரு ஃபேக்டரியில இன்ஜினியர். கேள்வி மட்டும் நிறையக் கேப்பா.

புவனேஸ்வரன்: வணக்கம்க்கா.

துளசி: வணக்கம் தம்பி... மாமா, என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? எவ்வளவு ஆச்சு?

பக்கிரிசாமி: தம்பி, கோப்பி குடிக்கிறியா?

துளசி: பேச்சை மாத்தாதீங்க. எவ்வளவு?

புவனேஸ்வரன்: பெட்டி மட்டும் ரெண்டாயிரத்து எண்ணூறு வெள்ளிக்கா. கேபிள், சுவிட்சு, கூலி எல்லாம் தனி. மொத்தம் நாலாயிரத்து அறுநூறு. அங்கிளுக்காக நூறு கழிச்சிட்டேன்.

துளசி: நாலாயிரத்து ஐந்நூறா! பென்ஷன் வாங்குற மனுஷனுக்கு இது தேவையா? நான்தான் மால்ல போயி காருக்குச் சார்ஜ் போட்டுக்கிறேன்ல?

பக்கிரிசாமி: போட்டுக்கிற, போட்டுக்கிற... ஞாயித்துக்கிழமை காலையில போனா மத்தியானம் வர்ற. முன்னால அஞ்சு காடி நிக்கிது, பின்னால ஒருத்தன் சண்டைக்கு நிக்கிறான்.

துளசி: ஏன், எனக்குச் சண்டை போடத் தெரியாதா?

பக்கிரிசாமி: தெரியும். நான் அவனை நினைச்சுத்தான் கவலைப்படுறேன்.

புவனேஸ்வரன்: வீட்டுல இருந்தா ராத்திரி மாட்டிட்டுப் படுத்துடலாம்க்கா. காலையில ஃபுல்லு. காசும் குறைச்சல் லா.

துளசி: நீ சும்மா இரு தம்பி. மாமா, இந்த டத்தோ கிராமாட் ஏரியாவுலயே கிழட்டு வீடு இதுதான். ரைஸ் குக்கரும் ஏர்கோனும் ஒண்ணாப் போட்டாலே மெயின் விழுந்துடுது. காடிக்கு எப்படித் தாங்கும்?

புவனேஸ்வரன்: அது சரிதான்க்கா, இந்த வீட்டு லைனுக்கு...

பக்கிரிசாமி: தம்பி! கோப்பியில சீனி போடவா, வேண்டாமா?

புவனேஸ்வரன்: போ... போடுங்க அங்கிள்.

பக்கிரிசாமி: இரு, கலக்கிட்டு வரேன்.

துளசி: ...அடுப்படிக்குள்ள போயிட்டாரா? தம்பி, எனக்கு ஒரு உதவி செய். இதை மாட்டாத.

புவனேஸ்வரன்: என்னக்கா சொல்றீங்க?

துளசி: ஏதாச்சும் சொல்லி வெய்யி. சுவரு சரியில்ல, பெர்மிட் கிடைக்கலன்னு... பணத்தை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு.

புவனேஸ்வரன்: ஏங்க்கா? எவ்வளவு ஆசையா வாங்கினாரு தெரியுமா? கடையில நிக்க வெச்சு, இது அந்தக் காடிக்குச் சேருமா, மழையில நனைஞ்சா என்ன ஆகும்னு என் உயிரை எடுத்துட்டாரு.

துளசி: அதான் பயமா இருக்கு. நான் இந்த வீட்டை விட்டுப் போகப் போறேன் தம்பி. எனக்கு... கல்யாணம். அவர்கிட்ட இன்னும் சொல்லல. தினமும் வாயைத் தொறக்குறேன், அவரு முகத்தைப் பார்த்ததும் மூடிக்கிறேன்.

புவனேஸ்வரன்: அங்கிளோட மகன்...

துளசி: தவறி நாலு வருஷம் ஆச்சு. ஒரே பிள்ளை. அதுக்கப்புறம் இந்த வீட்டுல மாமாவும் நானும்தான். எனக்குன்னு சுவத்துல ஓட்டை போட்டு இதை மாட்டிட்டாருன்னா, அப்புறம் எந்த முகத்தோட வெளிய போவேன், சொல்லு?

புவனேஸ்வரன்: அக்கா... அதை நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும். நான் வயர்மேன் லா.

பக்கிரிசாமி: என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு? இந்தா தம்பி கோப்பி. சூடு, பார்த்து.

துளசி: மாமா, இவ்வளவு பணம் ஏது உங்களுக்கு?

பக்கிரிசாமி: மோட்டரை வித்துட்டேன்.

துளசி: எந்த மோட்டர் பைக்கை?

பக்கிரிசாமி: நம்ம வீட்டுல எத்தனை மோட்டர் இருக்கு?

துளசி: ஒர்க்ஷாப்புக்குப் போயிருக்குன்னு சொன்னீங்களே...

பக்கிரிசாமி: போச்சு. ஒர்க்ஷாப்புல சரி பண்ணி, எதிர்வீட்டு ஃபிக்ரி எடுத்துக்கிட்டான்.

துளசி: அவரு மோட்டரு மாமா அது! என்னைக்கூடத் தொட விட மாட்டீங்க. நீங்களே துடைச்சுத் துடைச்சு...

பக்கிரிசாமி: துடைச்சேன். துடைச்சு? ஏறி உக்கார ஆளு வேணும்ல? இப்ப அந்தப் பையன் அதுல வேலைக்குப் போறான். நேத்து ஸ்டார்ட் பண்றப்ப அந்தச் சத்தத்தைக் கேட்டேன். முதல்ல கொஞ்சம்... ம். அப்புறம் சரியாப் போச்சு.

துளசி: எனக்காகவா மாமா?

பக்கிரிசாமி: நீ இந்த வீட்டுக்கு வர்றப்ப உங்க அப்பா கட்டில், பீரோ, வாஷிங் மெஷின்னு லாரியில ஏத்தி அனுப்புனாரு. நான் உனக்குன்னு ஒரு கரண்டி வாங்கினது இல்ல. இது ஒண்ணு செஞ்சுக்கிறேன், விடு... ஏன் அழற? கோப்பி அவ்வளவு மோசமாவா வாசம் வருது?

துளசி: வேண்டாம் மாமா. இந்தக் காசை இதுல போடாதீங்க.

பக்கிரிசாமி: ஏன்னு சொல்லு.

துளசி: கரண்டு பில்லு ஏறும்...

பக்கிரிசாமி: அது இல்ல.

துளசி: வயரு பழசு...

பக்கிரிசாமி: அதுவும் இல்ல. உனக்குப் பொய் சொல்ல வராதும்மா. தம்பி கோப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நிஜத்தைச் சொல்லிடு.

புவனேஸ்வரன்: நான் மெதுவாத்தான் குடிக்கிறேன் அங்கிள்.

துளசி: ...வேலையிடத்துல சிவகரன்னு ஒருத்தரு. சிலோன்காரங்க. கெப்பாலா பத்தாஸ்ல வீடு. கட்டிக்கிறியான்னு கேட்டாரு. நான்... சரின்னுட்டேன் மாமா.

பக்கிரிசாமி: ம்.

துளசி: உங்களைத் தனியா விட்டுட மாட்டேன். வேலை முடிஞ்சதும் பாலம் தாண்டி வந்து பார்ப்பேன். சோறு வடிச்சு வெச்சிட்டுத்தான்... ஏசுங்க மாமா.

பக்கிரிசாமி: சோத்தைப் பத்திப் பேசாத. இத்தனை வருஷமா உன் சாம்பாரைச் சாப்பிட்டுட்டு உயிரோட இருக்கேன். இனிமேலாச்சும் நான் சமைச்சு நல்லாச் சாப்பிடுறேன்.

துளசி: மாமா!

பக்கிரிசாமி: குடிச்சாச்சா தம்பி? போ, வேனை எடு. துளசி, மூஞ்சியைக் கழுவிட்டு ஒரு நல்ல சேலை கட்டிக்கிட்டு வா. பாலத்துல ஜாம் ஆகறதுக்குள்ள தாண்டிடணும்.

துளசி: பாலமா? அப்ப இந்தப் பெட்டி... தம்பி, நீ வேனை விட்டு எதையுமே இறக்கலையே?

புவனேஸ்வரன்: இங்க இறக்கச் சொல்லவே இல்லையேக்கா.

துளசி: மாமா... எங்க போறோம்?

பக்கிரிசாமி: பெட்டியை மாட்டத்தான், கெப்பாலா பத்தாஸுக்கு. உனக்கு முன்னாடியே மாப்பிள்ளை என்கிட்ட வந்து விஷயத்தைச் சொல்லிட்டாரு. மாப்பிள்ளை காலையிலேருந்து கேட்டைத் தொறந்து வெச்சிட்டு நமக்காக நிக்கிறாரு.