திரும்பும் பாதை

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், ஊருக்கு வெளியே உள்ள எங்கள் பேட்டரி சோதனைக் கூடத்தில் மூன்றாம் வெப்பப் பெட்டி வெடித்தது.

எல்லாம் சரியாக ஓடும்போது நெட்வொர்க் வேலையில் இருப்பவனை யாரும் நினைப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கூடத்தில் பகலில் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார்: என் தங்கையின் கணவர். பொறியாளர்கள் வீட்டிலிருந்தே வி.பி.என். என்ற தனிப்பட்ட இணைய இணைப்பு வழியாக நுழைந்து, பேட்டரிகளை வைத்துச் சோதிக்கும் பெட்டிகளின் சூட்டை ஏற்றி இறக்குவார்கள். அந்த இணைப்பை அமைத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "மச்சானுக்கு என்ன, ஒரு தடவ ஒயரச் சொருகிட்டு வருஷம் பூரா டீ குடிக்கிற வேலை. இவரு எதுக்குன்னு மேனேஜரே கேக்குறாரு." தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செவ்வாய் காலை கூடத்து ரூட்டரின் கட்டளைகளில் ஒரு வரியை நீக்கினேன். வி.பி.என்.னில் வருபவர்களுக்குப் பதில் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் வரி அது. அது இல்லையென்றால் கேள்வி உள்ளே போகும். பதில் வெளியே வராது. இணைப்பு கிடைத்துவிட்டதாகவே திரை காட்டும் என்பதால், அவரவர் தம் வீட்டு இணையத்தைத்தான் முதலில் திட்டுவார்கள். அரை நாள் என்னைத் தேடட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

தேடினார்கள். "அண்ணே, கனெக்ட் ஆயிடுச்சுன்னு காட்டுது, ஆனா ஒரு மெஷினும் வாயத் தொறக்கல" என்றார் ஒருவர். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன்.

பிறகு மாப்பிள்ளை அழைத்தார்.

"என்ன மச்சான், டீ ஆறிப்போச்சா? மூணாம் பெட்டிச் சூடு யாருக்கும் தெரியலயாம். உள்ள போய்க் கையால நிறுத்திடவா?"

அளவு மீறிச் சூடேறிய பெட்டியின் அறைக்குள் யாரும் போகக் கூடாது. இணைப்பு வழியாக வெளியிலிருந்துதான் நிறுத்த வேண்டும். இது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது சூட்டின் அளவு. எனக்குத் தெரியும். அலுவலகத்தில் என் மேசைக்குத் தனி இணைப்பு உண்டு. அந்த எண் சிவப்பில் இருந்தது.

வரியைத் திரும்பப் போட ஒரு நிமிடம் ஆகாது. போட்டிருந்தால் பொறியாளர் வீட்டிலிருந்தே நிறுத்தியிருப்பார். ஆனால் அவ்வளவு சீக்கிரம் சரியானால், இதுக்கா இவ்வளவு நேரம் என்று அடுத்த ஞாயிறும் சிரிப்பார்.

"போங்க மாப்பிள்ளை. எனக்கு இன்னும் நேரமாகும்."

நான் அவரை அனுப்பவில்லை. அவர் கேட்டார், நான் சரி என்றேன். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வராந்தாவில் தங்கை கேட்டாள்: "அண்ணா, உன்கிட்ட பேசினாராமே. என்ன சொன்னாரு?"

"கிண்டல் பண்ணாரு" என்றேன். அது பொய்யில்லை. அதன்பின் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெட்டி வெடித்த செய்தி வந்ததுமே வரியைத் திரும்பச் சேர்த்திருந்தேன். எல்லோருக்கும் இணைப்பு வந்தது. விரைவாகச் சரிசெய்ததற்கு மேலாளர் நன்றி சொன்னார். மாப்பிள்ளை மறுநாள் காலை இறந்தார்.