முழங்கால் இடித்த இசைத்தட்டு

"ஹலோ... ஹலோ, யாரு? ஐவினா? சத்தமாப் பேசுடா, மழை ஜன்னலைப் போட்டு அடிக்குது... என்னது, இப்பவா? ஞாயித்துக்கிழமை மத்தியானம்டா, கையெல்லாம் மீன் செதிலு... சரி, சொல்லு, சொல்லு."

ராக்னா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தொட்டியில் கையை அலசினாள். பெர்கன் துறைமுகத்துக்கு மேலே, சரிவில் இருந்த மரவீட்டின் மாடி அவளுடையது. அவளும் ஐவினும் வருஷக்கணக்காக ஜோடியாக இசைத்தட்டு போட்டவர்கள். இந்த இலையுதிர்காலத்தில் அவன் தனியாகக் கிளம்பினான். கீழே படகுத்துறையோரம் பொர்ஹில் அம்மாள் நடத்தும் காப்பிக்கடையில் ஞாயிறுதோறும் அவன்தான் டிஜே.

"ம்... ம்... இன்னும் ஒரு மணி நேரம் போடச் சொல்றாங்களா? நல்லதுதானே, அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குற?... போடு. பெட்டி நெறையத் தட்டு வச்சிருக்கியே... அடுத்து என்ன போடுறதுன்னு என்னைக் கேக்குறியா? ஏன்டா, அங்க இருக்கிறவங்களைப் பாக்குறது நீ. நான் இங்க உருளைக்கிழங்கைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் கெஞ்சல் வலுத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சரி, அழாதே. ஜனங்க எப்படி உக்காந்திருக்காங்க? முன்னால குனிஞ்சா, சாஞ்சா?... பாக்கலையா? அதைப் பாரு முதல்ல. சாஞ்சிருந்தா வேகத்தைத் தொடாதே, பேஸை, அந்த அடிச்சத்தத்தை மட்டும் கொஞ்சம் இறக்கு... ஆமா... ஆமாமா. மெதுவான பாட்டாப் பொறுக்கி அடுக்கிட்டா ஆச்சா? ஆஸ்பத்திரி லிஃப்ட் மாதிரி ஆயிடும். நடுவுல ஒண்ணு லேசா அரிக்கணும், காலு தானா ஆடணும். அப்பதான் அடுத்ததுல உடம்பு இறங்கும்... ஐயோ, பாட்டோட பாட்டை ஒட்டாதே, ஒட்டாதே! ஒண்ணு முடியட்டும். கடைசிக் கரகரப்பு கேக்கட்டும். எல்லாரும் ஒரு மூச்சு விடட்டும். அப்புறம் வை முள்ளை..."

இது அவளுக்குப் பிடித்த பேச்சு. மீனை மறந்தே போனாள். பிறகுதான் ஒன்று உறைத்தது.

"ஆமா, நீ எங்க நின்னு பேசுற? ஒரே பாத்திரச் சத்தம்... சமையல்கட்டுலயா? இவ்வளவு நேரமாவா? அப்ப அங்க தட்டை யாரு மாத்துறா?... நீளமான பாட்டா? எவ்வளவு நீளம்டா அது?"

போனில் ஒரு கதவு திறந்தது. யாரோ அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பாத்திரச் சத்தம் பின்னால் போய், இசை முன்னால் வந்தது. சோம்பேறித்தனமான மேளம், அதற்கு மேலே ஒரு புல்லாங்குழல். சட்டென்று ‘டக்’ என்று ஒரு துள்ளல். குழல் அரையடி பின்வாங்கி, வாசித்ததையே மறுபடி வாசித்தது.

ராக்னா குழாயை மூடினாள்.

"அது என்ன தட்டு?... பேரைச் சொல்லாதே, பேரு எனக்குத் தெரியும். அது என் அலமாரியில இருக்கு... உன்னுதா? உன்னுதுல கீறலா?... கீறல் இல்ல ஐவின். அது என் முழங்கால். உனக்குப் பதிவு பண்றப்ப மேசையில இடிச்சேன், முள்ளு துள்ளிச்சு."

போன குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போன அவன் அப்பா திரும்பவில்லை. படகு மட்டும்தான் கிடைத்தது. ஐவின் தூக்கத்தை விட்டான், சாப்பாட்டை விட்டான். அப்போது இந்த வீட்டில் உட்கார்ந்து, தட்டு தட்டாகத் தேர்ந்து, அவன் படுத்துக்கொண்டு கேட்பதற்கென்று அவள் பதிவு செய்து கொடுத்தது அது.

"ஹலோ... இருக்கியா?... ம். அப்ப அங்க சுத்துற தட்டு?... சும்மா சுத்துதா! சத்தத்தை மூடிட்டு, கம்ப்யூட்டர்ல நான் பதிஞ்சதை ஓட விட்டுட்டு, நீ மேல நின்னு தலையாட்டுறியா? ஹெட்ஃபோன் வேற?... எத்தனை வாரமா?... எல்லா வாரமுமா? சீ! தூ! தனியாப் போடப் பயமா இருக்குன்னு கதை விடாதே... கோவம் இல்லடா. கோவம்னா கத்திட்டு விட்டுருவேன். இது அருவருப்பு. ‘ஐவினுக்கு என்ன கை!’ன்னாங்க பொர்ஹில் அம்மா, கடைத்தெருவுல வச்சு. ஆமான்னு தலையாட்டினேன். பெருமையா வேற இருந்துச்சு எனக்கு."

யாருடைய எச்சில் தட்டிலோ தெரியாமல் சாப்பிட்டுவிட்டது போலிருந்தது. துணியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன?... அது முடியப் போகுதா? அதுக்குத்தான் இந்த போனா! நான் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வரணுமா?... இரு, இரு. நீ அதைக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கியா?... பொய் சொல்லாதே... ஓ. எப்பவும் நடுவுலயே தூங்கிருவியா."

தூங்கியிருக்கிறான். அதற்காகத்தானே செய்தாள். ஒரு கணம் மனசு இளகியது. நிறுத்துடா அதை, கடைசியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு... நானும் எவனோ வாசிச்சதைத்தானே போட்டேன், இதுல என்னுது என்னன்னா கேக்குற?... ம்... ம். நல்ல கேள்வி. சரி, ஒண்ணையும் தொடாதே. ஓடட்டும். சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வை, கடைசி மெதுவா இருக்கும்... வைக்காதே போனை. நானும் கேக்குறேன்."

இசை தேய்ந்து அடங்கியது. முள் கரகரத்தது. பிறகு கடையின் ஒலிபெருக்கியில் அவளுடைய குரலே வந்தது, தயங்கித் தயங்கி:

"ஐவின்... தூங்கிட்டியாடா? நான்தான், ராக்னா. இதெல்லாம் உனக்காக மட்டும் எடுத்து வச்ச தட்டு. யாருக்கும் கொடுக்காதே. அப்பாவை நெனைச்சு அழணும்னா அழு. காலையில வந்து கதவைத் தட்டுவேன். திற, என்ன?"

ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். போன் கை மாறியது.

"ஹலோ... பொர்ஹில் அம்மாவா? ஆமாங்க... ஆமா, என் குரல்தான்... ஆமா, எல்லா வாரமும்... இல்லங்க, நான் வரல. அவனையும் வெளிய அனுப்பிடாதீங்க. பெட்டியில நல்ல தட்டெல்லாம் வச்சிருக்கான். போடவும் தெரியும், என் பக்கத்துல நின்னு எத்தனையோ தடவை போட்டிருக்கான். எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கிறப்பவே போடச் சொல்லுங்க... ம்... ம்... இருக்கேன்."

பெட்டிக்குள் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஐவின் வைத்த முள் ஒரு தட்டின்மேல் கோணலாக விழுந்து வழுக்கியது. மறுபடி விழுந்தது. பாட்டு எடுத்த எடுப்பிலேயே குதியாட்டம் போட்டது, அந்த நேரத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாமல்.

"சீ!" என்று சொல்லி ராக்னா போனை வைத்தாள்.