மீனுக்குத்தாங்க அம்மை

...இல்லைங்க, கேட்டத் தொறக்க வேணாங்க. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. நானா இருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன். அம்மை கண்ட வூட்டுலருந்து ஒருத்தி வந்து நின்னா, யாருதான் உள்ள வான்னு கூப்புடுவாங்க? நீங்க அந்தாண்டயே நில்லுங்க, நான் இந்தாண்ட நின்னு சொல்லிட்டுப் போயிடறேன். காலையில ஏரியூர்ல பஸ் ஏறுனவங்க. பென்னாகரத்துல எறங்கி, தர்மபுரியில எறங்கி, அங்கருந்து மொரப்பூர் பஸ்ஸப் புடிச்சு... ஒக்கார எடமில்ல, கம்பியப் புடிச்சுக்கிட்டே வந்தேன். எதுக்கு? ஜானகியக்கா, உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிடணும்னு. எங்கூட்ல மனுசங்க யாருக்கும் அம்மை இல்லைங்க. மீனுக்குத்தாங்க அம்மை.

சிரிப்பு வந்தா சிரிச்சுக்கங்க. வரலையா, சரி.

வெள்ளிக்கெழம நீங்கல்லாம் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வரீங்கன்னு, நான் விடிய எந்திரிச்சு கேசரி கிண்டி, பால அடுப்புல வெச்சுட்டு நிக்கறேன். கார் வந்து நிக்கற சத்தம் கேக்குது. ஒடனே கார் கெளம்பிப் போற சத்தமும் கேக்குது. யாரோ வழி தெரியாம வந்துட்டுத் திருப்பறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா உங்க தம்பி குப்புராஜண்ணன் போன் பண்றாரு. கேட்டுல வேப்பில தொங்குது, அம்மை இருக்கற வூட்டுக்கு நல்ல காரியத்துக்கு வரக்கூடாது, பொறவு பாக்கலாம்னாரு. அந்தப் பொறவுதாங்க எனக்குப் பயமா இருக்குது. எம்புள்ள தேவிக்கு இத்தன வருசமா மாப்பள பாக்கறோம். வந்த எடத்துக்கெல்லாம் ஒரு நொட்ட சொல்லுவா. இவரு மீச சரியில்ல, அவரு அம்மாவக் கேட்டுத்தான் தண்ணியே குடிப்பாரு போலன்னு. உங்க பையன் ரஞ்சித்குமாருக்கு மட்டுந்தான் ஒண்ணுமே சொல்லல. அதயே சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். இது போச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன், சொல்லுங்க.

போன வெச்சுட்டு ஓடிப்போயி கேட்டப் பாக்கறேன், ஒரு எல கூட இல்லைங்க. எங்கூட்டுக்காரருதான் கட்டியிருப்பாரு. கார் சத்தங் கேட்டதும் நான் ஏசுவேன்னு அவுத்துப் போட்டிருப்பாரு. கேட்டா சத்தியமா நான் இல்லங்கறாரு. அவரு சத்தியத்த நான் பாத்ததில்லையா? பீடிய வுட்டுட்டேன்னு கூடத்தான் சத்தியம் பண்ணாரு.

இருங்க, மீன் கதைய சொல்லிடறேன். அது தெரியாம உங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. 

தேவி பெங்களூர் கம்பெனியில இருக்காளா... கொரோனாவுல வூட்டுக்கு வந்தவ, கம்ப்யூட்டர்லயே வேலன்னு இங்கயே தங்கிட்டா. சும்மா இருக்காம ஒரு கண்ணாடித் தொட்டி வாங்குனா. சரி, நாலு தங்கமீனு வுடுவான்னு பாத்தா, கடல் மீனாம். எங்கூர்ல கடலப் பாத்தவங்களே கொஞ்சம். மீனுன்னா நாகமரையில பரிசல்காரங்க புடிச்சாந்து குடுக்கறது, கொழம்புக்கு. இவ என்னடான்னா பாக்கெட்ல உப்பு வரவெச்சு, சுத்தம் பண்ண தண்ணியில கரைச்சு, கடலயே செய்யறா. ஒருக்கா உப்பு தீந்து போச்சுன்னு நான் அடுப்பங்கர உப்ப எடுத்துக் குடுத்தேன். அம்மா, இது ரசத்துக்கும்மா, அப்பிடின்னா. 

ஆரஞ்சு ஒடம்புல வெள்ளப் பட்ட போட்ட மீனு ஒரு சோடி. எவ்ளோ நல்ல சோடிங்க. சண்ட போடும், ராத்திரியானா ஒண்ண ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தூங்கும். எனக்கும் எங்கூட்டுக்காரருக்கும் அப்பிடி வாய்க்கல. அது கெடக்கட்டும்.

நோவு எப்பிடி வந்துச்சுன்னா... நீலக்கலர்ல ஒரு மீனு பார்சல்ல வந்துச்சு. தேவி ஆபீசு மீட்டிங்ல இருந்தா. புது மீன நேரா தொட்டியில வுடக்கூடாது, கொஞ்ச நாளைக்குத் தனியா வெச்சுப் பாக்கணும்னு அவ சொல்லித்தான் வெச்சிருந்தா. ஆனா பாருங்க, பையிக்குள்ள அது வாயத் தொறந்து தொறந்து மூடுது. புதுசா வந்த மருமவள வாசல்லயே நிக்க வெப்பாங்களா? நான் தொட்டியில வுட்டுட்டேன். நல்லது நெனச்சுத்தாங்க செஞ்சேன்.

கொஞ்ச நாள்ல அந்த ஆரஞ்சு மீனு கல்லுல போயி ஒடம்பத் தேய்க்குது. தீனி போட்டா வரல. வேகவேகமா மூச்சு வாங்குது. கிட்டப் போயிப் பாத்தா ஒடம்பெல்லாம் ரவ தெளிச்சாப்பல வெள்ள வெள்ளையா புள்ளி. எங்கூட்டுக்காரரு பாத்துட்டு வெயில் பொக்களங்கறாரு. தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு என்னா வெயிலு? எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. முத்து போட்டிருக்குது, ஆத்தா வந்திருக்குதுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். அன்னையிலருந்து வூட்ல தாளிக்கறதில்ல. ஒரு கை வேப்பில, ஒரு ஸ்பூன் மஞ்சத்தூளு, தொட்டியில போட்டேன். அதுல நொர தள்ளற மிசினு ஒண்ணு இருக்குதுங்க, அழுக்க நொரையா வெளிய எடுக்கும். அதுக்கு என்னா ஆச்சோ, பொங்குது பொங்குது, ஹால் பூரா நொர. மீட்டிங்ல இருந்தவ எந்திரிச்சு ஓடியாந்து, அம்மான்னு கத்துனா பாருங்க, அவ ஆபீசர் அந்தப் பக்கத்துலருந்து யாருக்கு என்னாச்சுங்கறாரு.

இது அம்மை இல்லம்மா, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுப்பூச்சின்னா. அந்த நீல மீனோட வந்ததாம். மருந்த பெரிய தொட்டியில ஊத்தக்கூடாதாம், உள்ள இருக்கற எறா செத்துப்போவுமாம். அதனால மீனையெல்லாம் புடிச்சு பின்னாடி ரூம்ல ஒரு டப்புல தனியா வெச்சா. பெரிய தொட்டிய மீனே இல்லாம ரொம்ப நாளைக்குச் சும்மா போட்டுட்டா, ஒட்டிக்க ஒடம்பு கெடைக்காம பூச்சி தானா செத்துருமாம். வேற பூச்சி எதுவும் இருந்தா போவட்டும்னு நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் மீன முக்கி எடுத்தா. அப்பறம் டப்புல உப்பக் கொஞ்சங்கொஞ்சமா கொறைச்சா. அங்க தொட்ட கைய இங்க வெக்காதன்னா. நான் கேட்டேன், ஏண்டி, தனி ரூம்ல படுக்க வெக்கறது, தண்ணி ஊத்தறது, உப்புக் கொறைக்கறது, யாரையும் கிட்ட அண்ட வுடாதது, இதெல்லாம் அம்மைக்குச் செய்யறது இல்லாம வேற என்னாடீன்னு. சிரிச்சுட்டா. டப்பு வெச்ச ஸ்டூலு கால்ல நான் வேப்பில கட்டறதையும் வுட்டுட்டா. வாழநாருல கட்டுனேன், சுத்தமா.

வெள்ளிக்கெழம நீங்க வரப்ப பொடவ கட்டிக்கிட்டு இருப்பான்னு நெனச்சேன். ரூமுக்குள்ள போனா, நைட்டியோட டப்புக்குப் பக்கத்துல தரையில ஒக்காந்திருக்குது புள்ள. மீனுக்கு முடியலைன்னா பொடவ கட்டக் கூட மனசு வரலையாட்டம்னு நெனச்சுக்கிட்டேன். அவ்ளோ எளகுன மனசுங்க. கல்யாணத்துக்கப்பறம் இந்தத் தொட்டியெல்லாம் எதுக்கு, வூடெல்லாம் கவுச்சி அடிக்கும், யாருக்காச்சும் குடுத்துட்டு வந்துருன்னு உங்க பையன் போன்ல சொன்னாப்பலயாம். எங்கிட்ட சொல்லிட்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன். நெசந்தானே, குடும்பம்னு ஆயிட்டா மீனுக்கு எங்க நேரம்?

மீனு இப்பத் தேவலைங்க. புள்ளியெல்லாம் உதுந்துருச்சு, நேத்து தீனி எடுத்துச்சு. அதனாலதான் இன்னைக்கே கெளம்பி வந்தேன். அடுத்த நல்ல நாளாப் பாத்து நீங்க... 

என்னாங்க அது, போனு? குப்புராஜண்ணன் எடுத்த போட்டோவா? அன்னைக்கே எடுத்துட்டாரா. குடுங்க, கம்பி வழியாவே குடுங்க. ஆமா, எங்க கேட்டுதான். இவ்ளோ பெரிய கொத்தா கட்டியிருக்குது? பாருங்க, இந்த மனுசனுக்கு ஒரு கட்டு ஒழுங்கா கட்டத் தெரியாது... இருங்க, பெருசு பண்ணிக்கறேன். இது நாரு இல்லைங்களே. நூலுங் கெடையாது. கண்ணாடி மாதிரி... இது தொட்டிக்குக் காத்துப் போற டியூபுங்க. அத நாங்க யாரும் தொட மாட்டோம். தேவி மேசைக்குள்ள பூட்டி வெச்சிருப்பா, அவ மட்டுந்தான்...

...

ஒண்ணுமில்லைங்க. வெயிலு. இந்தாங்க, உங்க போனு.

நாந்தாங்க கட்டுனேன். ஆமா, நானேதான், மறந்து போச்சு. எங்கூட்டுக்காரர பாவம் சும்மா ஏசிட்டேன். வேற யாரு கட்டுவா? எம்புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க.

அய்யோ, இப்ப எதுக்குங்க கேட்டத் தொறக்கறீங்க? வேணாங்க. காபியெல்லாம் வேணாங்க. இல்லக்கா, நம்பிட்டீங்க, சந்தோசம், ஆனா நான் உள்ள வரக்கூடாது. கையப் புடிக்காதீங்க. நான் பொய் சொல்லிட்டேன். மீனுக்கு இல்லைங்க, எம்புள்ளைக்குத்தான் அம்மை. ஆமா, தேவிக்குத்தான். தேதி கீதி எதுவும் பாக்காதீங்க. உங்க பையனுக்கு வேற எடம் வந்தா பாருங்க, எங்களுக்காவ நிறுத்தி வெக்காதீங்க.

எப்பிடி இருக்காளா? தெரியலைங்க. மீனுக்கு எப்பிடி இருக்குதுன்னு நெதம் கேட்டனே ஒழிய, அவள ஒரு வார்த்த கேக்கலைங்க. போயித்தான் கேக்கணும்.